நிர்வாகச் செலவு குறைந்தால் நல்ல நிறுவனமா?

கேள்வி: ஆப்பிரிக்கக் கிராமங்களில் குடிநீர்ப் பணி செய்யும் இரண்டு நிறுவனங்களைப் பார்த்து வைத்திருக்கிறேன். அமெரிக்க நிறுவனத்தின் நிர்வாகச் செலவு 18 சதவீதம். பிரிட்டிஷ் நிறுவனத்துக்கு 6 சதவீதம். இரண்டாவதற்கு நன்கொடை தருவதுதானே சரி? – வாசகர், திருச்சி

பதில்: இந்தச் சதவீதத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள். எது நிர்வாகச் செலவு என்பது நாட்டுக்கு நாடு மாறும். இந்தியாவில் வெளிநாட்டு நன்கொடையில் 20 சதவீதத்துக்கு மேல் நிர்வாகத்துக்குச் செலவிடக் கூடாது. ஆனால் மருத்துவமனை டாக்டர் சம்பளமும் பள்ளி ஆசிரியர் சம்பளமும் அந்தக் கணக்கில் சேராது.

கேட்க வேண்டியது வேறு. தென்னாப்பிரிக்காவில் உருவான 'பிளேபம்ப்', குழந்தைகள் சுற்றும் ராட்டினத்தால் நிலத்தடி நீரை இறைக்கும் கருவி. 2006-ல் அமெரிக்க அரசும் 'கேஸ்' என்ற அமெரிக்கத் தனியார் அறக்கட்டளையும் மற்றவர்களும் சேர்ந்து 1.64 கோடி டாலர் அறிவித்தார்கள். குழந்தைகள் விளையாடாத நேரத்தில் பெண்கள் அந்தக் கனமான சக்கரத்தைக் கையால் தள்ள வேண்டியிருந்தது. பழுதானால் ஊரில் சரிசெய்ய ஆளில்லை. சாதாரண அடிபம்பே பல இடங்களில் மேல் என்று தெரிந்தது. 2010-ல் கேஸ் அறக்கட்டளையே குறைகளை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. அந்த நேர்மை பாராட்டத்தக்கது. 'எத்தனை பம்ப் நட்டோம்' என்ற எண்ணிக்கை இதில் எதையுமே காட்டியிருக்காது.

ஆகவே இரு நிறுவனங்களுக்கும் எழுதிக் கேளுங்கள்: மூன்று வருடம் முன்பு அமைத்தவற்றில் இன்று எத்தனை தண்ணீர் தருகின்றன? அதை எண்ணியது யார்? உதிரிபாகம் எங்கே கிடைக்கும், பழுதுபார்ப்புப் பணம் யார் கையில்? தண்ணீரைப் பரிசோதித்த அறிக்கை உண்டா? கடைசிக் கேள்வியை விடவே கூடாது. வங்கதேசத்தில் நோய்க்கிருமிக்குப் பயந்து லட்சக்கணக்கில் போட்ட குழாய்க் கிணறுகளில் ஆர்சனிக் என்ற நஞ்சு இருப்பது 1993-ல்தான் உறுதியானது. தண்ணீர் வந்துகொண்டேதான் இருந்தது.

பிறகு, தலைமையகச் செலவு உட்பட மொத்தச் செலவை, இன்று இயங்கும் பம்புகளின் எண்ணிக்கையால் வகுங்கள். அதே நாட்டில் பிறர் செய்யும் செலவோடு மட்டும் ஒப்பிடுங்கள். பாறை நிலத்தில் ஆழமாகத் துளையிடுவதும் ஆற்றுப்படுகையில் துளையிடுவதும் ஒரே விலை ஆகாது. அதே ஆண்டில் அரசும் அந்த ஊரில் கிணறு போட்டிருந்தால், அதன் பலனை நிறுவனத்தின் கணக்கில் சேர்க்காதீர்கள்.

இங்கிலாந்து, வேல்ஸ் நிறுவனங்களின் கணக்குகளை, அவற்றைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான சாரிட்டி கமிஷனின் பதிவேட்டில் இலவசமாகப் பார்க்கலாம். அமெரிக்க நிறுவனத்துக்கு, அது வரித் துறையிடம் ஆண்டுதோறும் தாக்கல் செய்யும் 'படிவம் 990'-ஐப் பாருங்கள். ஆண்டு வரவு வழக்கமாக 50,000 டாலருக்குள் இருந்தால் 'இ-போஸ்ட்கார்டு' எனப்படும் சுருக்கமான மின்படிவம் மட்டும் தாக்கல் செய்தால் போதும் என்பதால், அங்கே விவரம் கிடைக்காது.

கேள்வி: தொண்டு நிறுவனங்களை மதிப்பிட்டுப் பரிந்துரைக்கும் 'கிவ்வெல்' அமைப்பின் பட்டியலில் இல்லாத நிறுவனம் தரமற்றதா? – வாசகி, மதுரை

பதில்: இல்லை. கொசுவலை, வைட்டமின் ஏ போல வலுவான ஆய்வுச் சான்றுள்ள மிகச் சில பணிகளையே அது முதன்மையாகப் பரிந்துரைக்கிறது. சிறிய நிறுவனங்கள் பெரும்பாலும் அங்கே மதிப்பிடப்படுவதே இல்லை.