ஆக்லாந்தில் இறங்கியதும் தோழி வீட்டுக்கு ஓடாதீர்கள்

குடியாத்தத்திலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "ஆன்லைன் செஸ் விளையாட்டில் நாலு வருஷமாகப் பழகிய தோழி நியூசிலாந்தின் ஹாமில்டன் நகரில் இருக்கிறாள். டிசம்பர் கடைசியில் மூன்று வாரம் போய்வர நினைக்கிறேன். இதுவரை விமானம் ஏறியதில்லை. பஸ்ஸில் நாலு மணி நேரம் உட்கார்ந்தாலே கால் வீங்கிவிடும். நேரில் பார்க்காத ஆள் வீட்டுக்கு எப்படிப் போவாய் என்று அம்மா பயப்படுகிறார். சென்னை–சிங்கப்பூர் தனி, சிங்கப்பூர்–ஆக்லாந்து தனி என்று எடுத்தால் டிக்கெட் மலிவாக வருகிறது. எடுக்கலாமா?"

எடுக்காதீர்கள். இரண்டும் தனித்தனி டிக்கெட் என்றால் சிங்கப்பூரில் பெட்டியை நீங்களே எடுத்து மறுபடி போட வேண்டி வரலாம். அதற்குக் குடிநுழைவைத் தாண்டி வெளியே போக வேண்டும், அதற்கு அந்நாட்டு அனுமதி வேண்டும். சென்னை விமானம் தாமதமானால் இரண்டாவது டிக்கெட் பணமும் போச்சு. அந்த நிறுவனத்துக்கு உங்களைக் காப்பாற்றும் பொறுப்பு கிடையாது. ஒரே முன்பதிவு எண்ணில் இரண்டு விமானமும் இருக்கட்டும். நடுவில் மூன்று முதல் ஐந்து மணி நேரம் இடைவெளி போதும். சென்னை கவுன்ட்டரில் பெட்டிக்கு ஒட்டும் சீட்டில் கடைசி ஊராக, ஆக்லாந்தின் குறியீடான 'ஏ.கே.எல்' (AKL) என்று அச்சாகியிருக்கிறதா என்று நின்று பார்த்துவிட்டு நகருங்கள். சிட்னி, மெல்போர்ன் வழியாக மலிவு டிக்கெட் கண்ணில் படும். ஆஸ்திரேலியாவில் விமானம் மாற மட்டும்கூட இந்திய பாஸ்போர்ட்டுக்கு டிரான்சிட் விசா வேண்டும் என்பது பலருக்குக் கவுன்ட்டரில்தான் தெரிகிறது.

நம் ஊர்ப் பெயர்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர்க் கட்டம் காலியாக இருந்தால் டிக்கெட் தளம் ஏற்காது. இனிஷியலை விரித்து இஷ்டத்துக்கு நிரப்பாதீர்கள். விமான நிறுவனத்திடம் கேட்டு அவர்கள் சொல்கிறபடி நிரப்புங்கள். பாஸ்போர்ட், விசா, டிக்கெட் மூன்றிலும் எழுத்து ஒத்துப்போக வேண்டும்.

விசாவுக்கு மாதம் 1,000 நியூசிலாந்து டாலர் கையிருப்பு காட்டச் சொல்வார்கள்; தங்குமிடத்துக்கு முன்பே பணம் கட்டியிருந்தால் 400. நீங்கள் நியூசிலாந்தை விட்டுக் கிளம்பிய பிறகும் மூன்று மாதம் பாஸ்போர்ட் உயிரோடு இருக்க வேண்டும். 'எப்படிப் பழக்கம்' என்ற கேள்விக்கு இணையத்தில்தான் என்றே எழுதுங்கள். சொந்தக்காரர் என்று எழுதி மாட்டிக்கொண்டால் அடுத்த விசாவும் கெடும். தமிழில் உள்ள பத்திரங்களுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு வையுங்கள்.

இப்போது அம்மாவின் பயமும் உங்கள் களைப்பும். இரண்டுக்கும் ஒரே மருந்து: ஆக்லாந்து விமான நிலையத்துக்குப் பக்கத்தில் உங்கள் பெயரில், உங்கள் பணத்தில், முதல் இரண்டு இரவுக்கு ஓர் அறை. குடியாத்தத்து வாசற்படியிலிருந்து கணக்கிட்டால் பயணம் 25 மணி நேரத்துக்குக் குறையாது. அந்த நிலையில் எதிரில் நிற்பவரைச் சரியாக எடைபோட எவராலும் முடியாது. தூங்கி எழுந்து, மறுநாள் மத்தியானம் ஆள் நடமாட்டமுள்ள உணவகத்தில் முதலில் சந்தியுங்கள். பிடித்தால் மூன்றாம் நாள் ஹாமில்டன். சுமார் 125 கிலோமீட்டர், பஸ் இருக்கிறது.

கிளம்புவதற்கு இரண்டு மாதம் முன்பே தோழியின் முகவரிக்குத் தபாலில் ஒரு கடிதம் அனுப்புங்கள். வந்த உறையைக் கையில் பிடித்துப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். முகவரி உண்மையா என்று தெரிந்துவிடும். வீடியோ அழைப்பில் அம்மாவையும் பேசவையுங்கள். முகம் காட்டத் தயங்கினாலோ, பயணத்துக்கு முன் ஏதோ காரணம் சொல்லிப் பணம் கேட்டாலோ, 'யாரோ ஒரு பொட்டலம் தருவார்கள், வாங்கி வா' என்றாலோ பயணத்தை நிறுத்திவிடுங்கள். இதில் நட்புக்காகப் பார்க்கவே கூடாது. அங்கே போன பிறகும் பாஸ்போர்ட் உங்கள் பையில்தான். அவசர எண் 111.

கால் வீக்கத்துக்கு வருவோம். உட்கார்ந்தே இருந்தால் கெண்டைச்சதை அசையாது. ரத்தத்தை மேலே தள்ளுவது அந்தச் சதைதான். நாலு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்தில் ரத்தம் உறையும் ஆபத்து கொஞ்சம் கூடுகிறது. நரம்புச் சுருட்டல், கருத்தடை மாத்திரை, சமீபத்தில் அறுவைச் சிகிச்சை, வீட்டில் யாருக்காவது ரத்தக்கட்டி வந்தது — இதில் ஒன்று இருந்தாலும் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையிலோ உங்கள் குடும்ப மருத்துவரிடமோ கேட்காமல் ஏறாதீர்கள். உங்களுக்கு நாலு மணி நேரத்திலேயே வீங்குகிறது என்பதால் எப்படியும் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது. கணுக்காலில் 15 முதல் 30 எம்.எம். பாதரச அழுத்தம் தரும், முழங்காலுக்குக் கீழ் வரை வரும் சாக்ஸை அவர் அளவெடுத்துச் சொல்வார். காலையில் எழுந்ததும், வீங்குமுன் போட வேண்டும். நடைபாதை ஓர இருக்கை கேளுங்கள், ஒரு மணிக்கொரு தடவை எழுந்து நடங்கள், உட்கார்ந்தபடியே குதிகாலைத் தூக்கி இறக்குங்கள். ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் வந்தாலோ, மூச்சு வாங்கினாலோ அது களைப்பு இல்லை, உடனே மருத்துவமனை.

விமானத்துக்குள் காற்றழுத்தம் ஏறக்குறைய ஊட்டி உயரத்துக்குத்தான் இருக்கும். வயிற்றிலுள்ள வாயு விரியும். அதனால் கிளம்பும் அன்று சுண்டல், மொச்சை, பரோட்டா வேண்டாம். இட்லியும் ரசம் சோறும் போதும்.

நேர வித்தியாசம்தான் இதில் பெரிய சங்கதி. டிசம்பரில் நியூசிலாந்து நமக்கு ஏழரை மணி நேரம் முன்னால் ஓடும். அங்கே இரவு 10 மணிக்குப் படுக்கும்போது உங்கள் உடம்புக்குக் குடியாத்தத்து மத்தியானம் 2:30. வழக்கமாகக் காலை 6 மணிக்கு எழுபவருக்கு உடல் சூடு 4 மணி வாக்கில் மிகக் குறைவாக இருக்கும்; அது அங்கே காலை 11:30. அந்த நேரத்துக்கு முன் கண்ணில் படும் வெயில் உடம்புக் கடிகாரத்தைப் பின்னே தள்ளும். பின்னால் படும் வெயில் முன்னே இழுக்கும். நமக்கு வேண்டியது முன்னே இழுப்பது. 'வா, ஊர் சுற்றிக் காட்டுகிறேன்' என்று தோழி முதல் நாள் காலை 8 மணிக்கே அழைத்தால் போகாதீர்கள். 11:30 வரை திரையை இழுத்துவிட்டு அறையில் இருங்கள். வெளியே போயே ஆக வேண்டுமென்றால் கறுப்புக் கண்ணாடி. மதியம் 12 முதல் 4 வரை வெளியே நடங்கள், சன்ஸ்க்ரீனும் தொப்பியும் கட்டாயம். அங்கே கோடை வெயிலின் புற ஊதாக் கதிர் கடுமையானது. அடுத்தடுத்த நாள் ஒரு மணி நேரம் முன்னதாக வெளியே வரலாம். கிளம்புமுன் நாலு நாள் தினமும் அரை மணி முன்னதாகப் படுத்து எழுந்தால் இரண்டு மணி நேரம் இங்கேயே சரியாகிவிடும். அப்போது முதல் நாள் எல்லை 11:30 அல்ல, 9:30.

பெட்டியில் என்ன போகலாம்? தேன் கூடாது. ஆற்காடு மக்கன் பேடாவில் பால்கோவா இருக்கிறது. நம் நாட்டில் மாடுகளுக்குக் கோமாரி உண்டு, அங்கே கிடையாது, அதனால் பால் பொருளை விட்டுவிடுங்கள். கறிவேப்பிலை, விதைகள் வேண்டாம். கம்பெனி சீல் வைத்த மசாலாப் பொடி பரவாயில்லை. பயணம் தொடங்க 24 மணி நேரத்துக்குள் நிரப்பும் இலவச வருகைப் படிவத்தில் உணவு எதுவானாலும் 'ஆம்' என்று குறியுங்கள். குறித்த பொருளை அதிகாரி எடுத்துக்கொண்டால் நஷ்டம் பொருளோடு போகும்; மறைத்தால் 400 டாலர் அபராதம். செருப்பு, ஷூவின் அடியில் காய்ந்த மண் இருந்தால் பிரஷ் போட்டுக் கழுவுங்கள், அதையும் பார்ப்பார்கள். தோழிக்குப் பரிசு என்றால் ஆம்பூர்த் தோல் பர்ஸ் இனிப்பைவிட நல்லது. கொப்பரைத் தேங்காயைக் கைப்பையிலோ பெட்டியிலோ வைக்க வேண்டாம், அது எளிதில் தீப்பிடிக்கும். பவர் பேங்க் கைப்பையில் மட்டும்தான்.

சென்னை விமான நிலையத்துக்குக் காரில் போனால் விமான நேரத்துக்கு எட்டு மணி நேரம் முன்னே கிளம்புங்கள். ஸ்ரீபெரும்புதூரில் ஷிப்ட் முடியும் நேரத்தில் கம்பெனி பஸ்கள் சாலையை அடைத்துக்கொள்ளும். காட்பாடியில் ரயிலேறி சென்ட்ரலில் இறங்கினால் அங்கேயே மெட்ரோ, நேராக விமான நிலையம். ஒரே பெட்டியோடு போவதானால் இதுவே நிம்மதி.

அம்மாவிடம் ஒன்று சொல்லிவையுங்கள். நீங்கள் அங்கே காலையில் எழும்போது குடியாத்தத்தில் நடுராத்திரி. அங்கே மத்தியானம் 2 மணிக்குத் தினமும் பேசுவேன் என்று வையுங்கள். வீட்டில் அப்போது காலை 6:30, அவர் காபி போடும் நேரம்.