ரங்கூனில் பிறந்தவர் எம்.பி. தேர்தலில் நிற்கலாமா?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: 1961ல் ரங்கூனில் பிறந்தேன். 1964ல் பெற்றோருடன் கப்பலில் சென்னை வந்தோம். வியாசர்பாடியில் அத்தோ (பர்மிய நூடுல்ஸ்) கடை நடத்துகிறேன். வயது வந்த நாளிலிருந்து ஓட்டுப் போடுகிறேன். அடுத்த மக்களவைத் தேர்தலில் வடசென்னையில் சுயேச்சையாக நிற்க ஆசை. வெளிநாட்டில் பிறந்தவர் எம்.பி. ஆக முடியாது என்று அக்கம்பக்கத்தில் சொல்கிறார்கள். உண்மையா?
– வாசகர், வியாசர்பாடி

பதில்: உண்மை இல்லை. அரசியலமைப்பின் 84வது பிரிவு கேட்பவை இந்தியக் குடியுரிமை, 25 வயது, உறுதிமொழி. இவற்றோடு ஏதாவது ஒரு நாடாளுமன்றத் தொகுதியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். எங்கே பிறந்தீர்கள் என்பது தகுதியில் சேராது. பிறப்பால் வந்த குடியுரிமை, பதிவு செய்து வாங்கிய குடியுரிமை இரண்டுக்கும் இதில் ஒரே மதிப்புதான். குடியுரிமை வாங்கியபின் இத்தனை ஆண்டு பொறுக்க வேண்டும் என்ற விதியும் இல்லை. இத்தாலியில் பிறந்த சோனியா காந்தி 1983ல் பதிவு மூலம் குடியுரிமை பெற்று, 1999ல் அமேதியில் வென்றார். அந்த வெற்றியை எதிர்த்த மனுக்கள் 2001ல் உச்ச நீதிமன்றத்தில் தள்ளுபடி ஆயின.

உங்களுக்குச் சிக்கல் வரக்கூடிய இடம் வேட்புமனு பரிசீலனை. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எழுந்து “இவர் இந்தியரே அல்ல” என்று ஆட்சேபம் சொல்லலாம். வாக்காளர் பட்டியலின் சான்றளிக்கப்பட்ட நகல் உங்கள் பக்கம் வலுவான ஆதாரம். ஆனால் குடியுரிமை இல்லாதவர் என்று நிரூபித்தால் அந்த ஆதாரமும் நிற்காது. ஆட்சேபத்துக்குப் பதில் சொல்லக் கிடைக்கும் அவகாசம் அதிகபட்சம் பரிசீலனைக்கு மறுநாளின் மறுநாள் வரைதான். அந்த 2 நாளில் 60 வருடப் பழைய காகிதத்தைத் தேடி எடுக்க முடியாது. ஆதார், ரேஷன் அட்டை, பான் அட்டை எதுவும் குடியுரிமைச் சான்று ஆகாது.

இப்போதே தேட வேண்டியவை: உங்கள் தந்தையின் இந்தியக் கடவுச்சீட்டு அல்லது ரங்கூன் இந்தியத் தூதரகம் கொடுத்த பயண ஆவணம், தாயகம் திரும்பியோர் என்ற முறையில் மறுவாழ்வுத் துறை கொடுத்த வீட்டுமனை, கடன் ஆணைகள், உங்கள் பள்ளி மாற்றுச் சான்றிதழ். நீங்கள் பிறந்தபோது தந்தை இந்தியக் குடிமகனாக இருந்திருந்தால் வம்சாவளி வழியே நீங்களும் குடிமகன். தந்தையே வம்சாவளியால் குடிமகன் ஆனவர் என்றால், உங்கள் பிறப்பு தூதரகத்தில் பதிவாகியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. அதைத் தனியாகப் பாருங்கள். எதையும் காட்ட முடியவில்லை என்றால் குடியுரிமைச் சட்டம் 5வது பிரிவில், இந்திய வம்சாவளியினர் 7 ஆண்டு இங்கே வசித்ததன் பேரில் பதிவுக்கு விண்ணப்பிக்கலாம். மாவட்ட ஆட்சியர் அலுவலகம் வழியாகப் போகும் விண்ணப்பம் அது, மாதக்கணக்கில் இழுக்கும். தேர்தல் அறிவித்தபின் தொடங்கினால் பலன் இல்லை.

கேள்வி: புழல் முகாமில் தையல் கடை வைத்திருக்கிறேன். பெற்றோர் இருவரும் இலங்கைத் தமிழர்கள். நான் 1989ல் தமிழ்நாட்டில் பிறந்தேன், அக்கா 1986ல் இங்கேயே பிறந்தவர். நாங்கள் தேர்தலில் நிற்க முடியுமா?
– வாசகர், புழல்

பதில்: உங்கள் அக்காவால் முடியும், உங்களால் இன்றைய சட்டப்படி முடியாது. 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும், பிறப்பால் குடிமகன். 1987 ஜூலை 1 முதல் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். ஒரே வீட்டில் பிறந்த இருவரை ஒரு தேதி பிரித்து வைப்பது கொடுமை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டமும் இலங்கையைச் சேர்க்கவில்லை.

அக்கா முதலில் பிறப்புச் சான்றிதழ் வாங்கட்டும். அப்போது பதிவு செய்யாமல் விட்டிருந்தால் கோட்டாட்சியர் உத்தரவு பெற்றுத் தாமதப் பதிவு செய்ய வேண்டும். அடுத்து கடவுச்சீட்டு, பிறகு படிவம் 6 கொடுத்து வாக்காளர் பட்டியல். மண்டபம் முகாமில் 1986ல் பிறந்த ஒருவருக்குக் கடவுச்சீட்டு வழங்கும்படி 2022ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டிருக்கிறது. கடவுச்சீட்டு விண்ணப்பம் மறுக்கப்பட்டால் அந்த உத்தரவைக் காட்டி வழக்கறிஞர் மூலம் கேளுங்கள்.

கேள்வி: பெரம்பூரில் லேத் பட்டறை. ஐசிஎஃப்புக்கு உதிரி பாகம் செய்து கொடுக்கிறேன். மாநகராட்சி வேலையும் எடுப்பதுண்டு. போட்டியிடத் தடை உண்டா?
– வாசகர், பெரம்பூர்

பதில்: மாநகராட்சி வேலை தடை ஆகாது. ஐசிஎஃப் ஆர்டர் தடை ஆகும். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 9ஏ பிரிவின்படி, மத்திய அரசுக்குப் பொருள் கொடுக்கவோ வேலை செய்யவோ உங்கள் தொழிலின் பெயரில் ஒப்பந்தம் நடப்பில் இருந்தால் மக்களவைக்கு நிற்க முடியாது. ஐசிஎஃப் ரயில்வேயின் உற்பத்திப் பிரிவு, ஆகவே மத்திய அரசே. மணலி சுத்திகரிப்பு ஆலை தனி நிறுவனம் என்பதால் அதனுடனான ஒப்பந்தம் 9ஏ-வுக்குள் வராது. ஆனால் வேட்புமனுவோடு கொடுக்கும் படிவம் 26 பிரமாணப் பத்திரத்தில் பொதுத்துறை ஒப்பந்தங்களையும் எழுதியாக வேண்டும்.

வழி உண்டு. உங்கள் பக்க வேலையை முழுவதும் முடித்துவிட்டால், பில் பணம் வராவிட்டாலும் ஒப்பந்தம் முடிந்ததாகவே சட்டம் கருதும். பரிசீலனைக்கு முன்பே கடைசி சரக்கை ஒப்படைத்து, பெற்றுக்கொண்டதற்கான ரசீதையும், நிலுவையில் சப்ளை எதுவும் இல்லை என்ற கடிதத்தையும் கையில் வையுங்கள். உத்தரவாதக் காலப் பழுதுபார்ப்பு, வருடாந்தர விலை ஒப்பந்தம் போன்றவை பாக்கி இருந்தால் முடிந்துவிட்டது என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். ஒப்பந்தத் தாளை வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.

கேள்வி: சுயேச்சை மனுக்கள் ஏன் இத்தனை தள்ளுபடி ஆகின்றன? எங்கே தவறுகிறார்கள்?
– வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: பெரும்பாலும் மூன்று இடங்களில்.

முதலாவது, முன்மொழிபவர்கள். அங்கீகரிக்கப்பட்ட கட்சி வேட்பாளருக்கு ஒருவர் போதும், சுயேச்சைக்கு 10 பேர் வேண்டும். பத்துப் பேரும் வடசென்னைத் தொகுதி வாக்காளர்களாகவே இருக்க வேண்டும். திருவொற்றியூர், ஆர்.கே. நகர், பெரம்பூர், கொளத்தூர், திரு.வி.க. நகர், ராயபுரம் ஆகிய ஆறு சட்டமன்றத் தொகுதிகள்தான் இதில் அடக்கம். பர்மா பஜாரும் மண்ணடியும் வடசென்னை என்றே நம் வாயில் வரும். துறைமுகம் தொகுதியில் இருப்பதால் அவை மத்திய சென்னைக்குப் போகின்றன. வில்லிவாக்கமும் அப்படித்தான். மாதவரம் திருவள்ளூர் தொகுதி. கடைத்தெரு நண்பர் ஒருவரின் ஓட்டு மண்ணடியில் இருந்தால் அந்த மனுத் தொகுப்பே விழுந்துவிடும். பாகம் எண், வரிசை எண்ணைப் பழைய அட்டையைப் பார்த்து எழுதாமல், புதிய பட்டியலில் சரிபார்த்து எழுதுங்கள். எழுத்துப் பிழைக்கு மன்னிப்பு உண்டு, ஆள் எண்ணிக்கை குறைந்தால் கிடையாது. கைநாட்டு வைப்பவர் தேர்தல் நடத்தும் அலுவலர் முன்னிலையில்தான் வைக்க வேண்டும். ஒருவர் நான்கு மனு வரை கொடுக்கலாம், டெபாசிட் ஒன்றே. இன்னொரு பத்துப் பேரை வைத்து இரண்டாவது தொகுப்பு கட்டாயம் கொடுங்கள்.

இரண்டாவது, படிவம் 26 பிரமாணப் பத்திரம். முத்திரைத்தாளில், நோட்டரி முன் கையெழுத்திட்டது. ஒரு கட்டமும் வெறுமையாக இருக்கக் கூடாது. ‘இல்லை’, ‘பொருந்தாது’ என்றாவது எழுத வேண்டும். வெற்றிடத்தைக் குறிப்பிட்டு அலுவலர் நோட்டீஸ் கொடுத்தும் நிரப்பாவிட்டால் மனு தள்ளுபடி, 2013 உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி. கடைக்காரர்கள் விட்டுவிடுவது வழக்கமாக இவை: மனைவி பெயரில் உள்ள அடகு நகை, கூட்டாளித் தொழிலில் உங்கள் பங்கு, சொத்துவரி, ஜிஎஸ்டி பாக்கி, ஐந்தாண்டு வருமான வரி விவரம்.

மூன்றாவது, உறுதிமொழி. பணம் கட்டி, மனு கொடுத்து, வீட்டுக்குப் போய்விடுவார்கள். மனு கொடுத்த பின், பரிசீலனை நாளுக்கு முந்தைய நாளுக்குள், அலுவலர் முன் உறுதிமொழி படித்துக் கையெழுத்திட வேண்டும். மனு கொடுத்த கையோடு செய்து, அதற்கான சான்றையும் வாங்கிவிடுங்கள்.

நாள் மிகக் குறைவு. 2024ல் மார்ச் 20ல் தொடங்கிய மனுத்தாக்கல் 27ல் முடிந்தது, நடுவே விடுமுறையும் வந்தது. நேரம் காலை 11 முதல் பிற்பகல் 3 வரை. மனுவை வேட்பாளரோ முன்மொழிபவரோ நேரில் கொடுக்க வேண்டும், அறைக்குள் வேட்பாளருடன் சேர்த்து 5 பேர். கடைசி நாள் போகாதீர்கள். குறை சொன்னால் திருத்திக் கொண்டுவர நேரம் இருக்காது.

கேள்வி: தண்டையார்பேட்டையில் எவர்சில்வர் பாத்திரக் கடை. தேர்தல் செலவைக் கடைக் கல்லாவிலிருந்தே செய்யலாமா?
– வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: கடைப் பணமும் தேர்தல் பணமும் கலக்கவே கூடாது. மனு கொடுப்பதற்கு ஒரு நாள் முன்பாவது தேர்தலுக்கென்று தனி வங்கிக் கணக்குத் தொடங்க வேண்டும். உங்கள் பெயரில், அல்லது தேர்தல் முகவரோடு சேர்த்து. முகவராக இல்லாத மனைவி, மகனோடு சேர்த்துத் தொடங்கக் கூடாது. சொந்தப் பணமானாலும் அந்தக் கணக்கில் போட்டுத்தான் எடுக்க வேண்டும். ஒருவருக்கோ ஒரு கடைக்கோ மொத்தத்தில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தரக் கூடாது. தமிழ்நாட்டில் ஒரு மக்களவை வேட்பாளருக்கு 2022 முதல் உச்சவரம்பு 95 லட்சம்.

சொந்தக் கடைப் பொருளும் செலவுதான். உங்கள் வேன், உங்கள் நாற்காலி, உங்கள் அச்சகத்தில் அடித்த நோட்டீஸ் எல்லாவற்றுக்கும் மாவட்டத் தேர்தல் அலுவலர் வெளியிடும் விலைப்பட்டியலின்படி கணக்கு ஏறும். நோட்டீஸில் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயர் முகவரி இல்லாவிட்டால் 6 மாதம் வரை சிறை.

உங்கள் தொழிலுக்கு ஒரு தனி எச்சரிக்கை. வேட்பாளர் போகும் வண்டியில் 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமோ, 10,000 ரூபாய்க்கு மேல் பரிசுக்கு உதவக்கூடிய பொருளோ இருந்தால் பறக்கும் படை பறிமுதல் செய்யும். பில் இருக்கிறது என்பதால் மட்டும் தப்பிவிட முடியாது. குடம், தட்டு வாக்காளருக்குக் கொடுக்கப் போகிறது என்ற சந்தேகமே வழக்காகிவிடும். தேர்தல் முடியும்வரை சரக்கு வண்டி வேறு, பிரசார வண்டி வேறு. சரக்கு வண்டியில் ஜிஎஸ்டி பில்லும் ஓட்டுநரும் மட்டும் போகட்டும். கொடி, நோட்டீஸ் எதுவும் அதில் ஏறக் கூடாது.

முடிவு அறிவித்த 30 நாளுக்குள் செலவுக் கணக்கை ஒப்படைக்க வேண்டும், தோற்றவரும்தான். தவறினால் 3 ஆண்டு போட்டியிடத் தகுதியிழப்பு வரலாம்.

கேள்வி: தம்பி நியூஜெர்சியில் மளிகைக் கடை வைத்திருக்கிறான், அமெரிக்கக் குடிமகன். அங்கே நாடாளுமன்றமான காங்கிரசுக்கு நிற்கப் போகிறானாம். நாங்கள் ராயபுரத்திலிருந்து பணம் அனுப்பலாமா?
– வாசகி, ராயபுரம்

பதில்: ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். வெளிநாட்டவர் நன்கொடை அங்கே குற்றம். கிரீன் கார்டு உள்ளவர்கள் கொடுக்கலாம். அவர் கடை கார்ப்பரேஷனாகப் பதிவாகியிருந்தால் கடைப் பணத்தையும் தொடக் கூடாது. சொந்தச் சேமிப்பை எவ்வளவு வேண்டுமானாலும் போடலாம். பிரதிநிதிகள் சபைக்கு 25 வயது, 7 ஆண்டு குடியுரிமை, தேர்ந்தெடுக்கப்படும்போது அந்த மாநிலவாசி என்பவை தகுதி. சென்னையில் பிறந்த பிரமிளா ஜெயபால் 2000ல் குடியுரிமை பெற்று 2016ல் வென்றார். 5,000 டாலருக்கு மேல் வசூலோ செலவோ ஆனதும் 15 நாளுக்குள் மத்திய தேர்தல் ஆணையத்தில் வேட்பாளராகப் பதிவு செய்ய வேண்டும்.

கேள்வி: டெபாசிட் எவ்வளவு? திரும்பி வருமா?
– வாசகர், கொடுங்கையூர்

பதில்: 25,000 ரூபாய். பட்டியல் சாதி, பழங்குடியினருக்குப் பொதுத் தொகுதியிலும் 12,500, சாதிச் சான்றிதழ் வேண்டும். ரொக்கமாகவோ கருவூலச் சலானாகவோ கட்டலாம், காசோலை எடுக்க மாட்டார்கள். செல்லுபடியான வாக்குகளில் ஆறில் ஒரு பங்கைத் தாண்டினால் திரும்பும். 9 லட்சம் வாக்குகள் என்றால் 1,50,000-க்கு மேல் ஒரு வாக்காவது வேண்டும். நோட்டா இந்தக் கணக்கில் சேராது. மனு தள்ளுபடி ஆனாலும், வாபஸ் வாங்கினாலும் முழுப் பணமும் திரும்பக் கிடைக்கும். ரசீதைத் தொலைக்காதீர்கள்.