டியூடர் காலத்து வெள்ளி உடை ஊசிகள் வெறும் அலங்காரத்துக்குத்தானா?

இல்லை. அந்த ஊசியை உருவினால் உடையே கழன்றுவிடும். அலங்காரம் அதற்கு மேல்தான்.

டியூடர் அரச வம்சம் ஆண்ட 16ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பெண்களின் உடை பல துண்டுகளாக இருந்தது. தலைத்துணி, முக்காடு, மார்புத்துணி, கழுத்தைச் சுற்றி மடிப்பு மடிப்பாக நிற்கும் ரஃப் எல்லாம் தனித்தனி. சிலவற்றை நாடாவால் கட்டினார்கள், மீதியை ஊசியால் பிடித்தார்கள். ரஃபின் மடிப்புகள் கலையாமல் நிற்கவே நிறைய ஊசிகள் வேண்டும். அதனால் தினமும் ஊசிகள் தொலைந்தன. அவைதான் இன்று மண்ணிலிருந்து கிடைக்கின்றன.

லண்டனில் வேலை பார்த்தபோது ஒருநாள், தேம்ஸ் ஆற்றில் நீர் இறங்கியிருந்த நேரம், கரையோர நடைக்குப் போயிருந்தேன். வழிகாட்டி குனிந்து சேற்றிலிருந்து எதையோ எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். ஒரு விரல்கணு நீளத்தில் பித்தளை ஊசி. தலையில் மெல்லிய கம்பியை இரண்டு சுற்று சுற்றி இறுக்கியிருந்தார்கள், அந்தச் சுற்று இன்னும் எண்ணும்படி இருந்தது. காற்றுப் புகாத சேறு என்பதால் அரிக்கவில்லையாம். இந்தத் தலை கழன்று விழுவது அன்று பெரிய தொல்லையாக இருந்திருக்க வேண்டும். தலையைக் கம்பியோடு உறுதியாகப் பற்றவைத்த ஊசிகளையே விற்க வேண்டும் என்று மன்னர் எட்டாம் ஹென்றி காலத்தில், 1543இல், சட்டமே போட்டார்கள்!

சரி, நீங்கள் கேட்ட வெள்ளி ஊசிக்கு வருகிறேன். நம் 'குண்டூசி' என்ற சொல் இதற்குத்தான் அப்படியே பொருந்தும். மெல்லிய வெள்ளித் தகட்டில் இரண்டு அரைக்கோளங்கள் செய்து, விளிம்போடு விளிம்பு பற்றவைத்து, உள்ளே வெற்றிடமான ஒரு குண்டு. அதன்மேல் முறுக்குக் கம்பியில் குட்டி வளையங்கள், ஒவ்வொரு வளையத்தின் நடுவிலும் கடுகைவிடச் சிறிய ஒரு வெள்ளி மணி. கடைசியாகத் தங்க முலாம். இத்தனையும் சுமார் ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்குள்! பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால்தான் அந்தத் தட்டாரின் கை புரியும். உள்ளே வெற்றிடமாக வைத்ததும் நல்ல யோசனை. வெள்ளி மிச்சம், கனமும் இல்லை, துணி தொங்காது. அந்தக் குண்டு துணிக்குள் புகாமல் தடுக்கும், பிடித்து உருவவும் வசதி. அழகும் வேலையும் ஒரே இடத்தில் இருப்பதால்தான் எனக்கு இவை இவ்வளவு பிடிக்கும்.

இவற்றில் பலவற்றை உழுத வயல்களில் மெட்டல் டிடெக்டர் வைத்துத் தேடுபவர்களே கண்டெடுக்கிறார்கள். 300 வருடத்துக்கு மேல் பழையது, 10 சதவீதமாவது வெள்ளியோ தங்கமோ இருக்கிறது என்றால், இங்கிலாந்தின் 1996ஆம் ஆண்டுச் சட்டப்படி அது புதையல். 14 நாளுக்குள் கொரோனர் என்ற விசாரணை அதிகாரியிடம் தெரிவிக்க வேண்டும். ஒற்றை ஊசிக்கும் இதே விதிதான். அருங்காட்சியகம் எதுவும் வேண்டாம் என்றால் பொதுவாகத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.

படம் பார்க்க ஆசையென்றால், பொதுமக்கள் கண்டெடுக்கும் பழம்பொருட்களைப் பதிவு செய்ய பிரிட்டிஷ் மியூசியம் நடத்தும் 'போர்ட்டபிள் ஆன்டிக்விட்டீஸ் ஸ்கீம்' தளத்தில் 'டிரஸ் பின்' என்று ஆங்கிலத்தில் தேடுங்கள், இலவசம்தான். பல படங்களில் ஊசிக்கம்பி வளைந்தோ ஒடிந்தோ இருக்கும். குண்டை மட்டும் பெரிதாக்கிப் பாருங்கள்.