நெதர்லாந்து சாணியும் நம்மூரு எருக்குப்பையும்: கேள்வி பதில்

நான் நெதர்லாந்துல ஃப்ரீஸ்லாந்துங்கிற மாகாணத்துல ஒரு பால் பண்ணையில ரெண்டு வருஷம் வேலை பார்த்துட்டு வந்து இப்ப கோபி பக்கம் சொந்த நிலத்துல மஞ்சளும் தென்னையும் வச்சிருக்கேன். எரு பத்தி கேளுங்கன்னு சொன்னேன், நெறைய பேர் கேட்டிருக்கீங்க, ஒவ்வொண்ணா வர்றேன்.

அண்ணே, அங்க சாணி அதிகமா போடக்கூடாதுன்னு சட்டமே இருக்காமே, நெசமா?

நெசந்தான் தம்பி. 1991ல ஐரோப்பிய சமூகம் (இப்ப ஐரோப்பிய ஒன்றியம்) கொண்டுவந்த நைட்ரேட் சட்டம். கால்நடை எருவுல இருந்து ஹெக்டேருக்கு வருஷம் 170 கிலோ தழைச்சத்துக்கு (நைட்ரஜன்) மேல போகக்கூடாது. எல்லாம் தண்ணிக்காகத்தான், நிலத்தடி நீர்ல நைட்ரேட் லிட்டருக்கு 50 மில்லிகிராம தாண்டக்கூடாது. புல்லு நிலம் அதிகமா வச்சிருக்கிற பண்ணைங்களுக்கு 2006ல இருந்து 250 கிலோ வரைக்கும் சலுகை இருந்துச்சு, 2022ல எடுத்த முடிவுப்படி அதையும் படிப்படியா கொறைச்சாங்க. மிஞ்சுற சாணிய லாரில ஏத்தி அனுப்ப விவசாயிதான் காசு குடுக்கணும். நாம இங்க லோடுக்கு காசு குடுத்து வாங்குறோம், அங்க எடுத்துட்டுப் போறதுக்கு காசு குடுக்குறாங்க, மொதல் தடவ பாத்தப்ப எனக்கு மனசே ஒப்பல.

அவ்ளோ சாணி எங்கிருந்துங்க வருது?

தீவனத்துல இருந்துங்க. தமிழ்நாட்டுல மூணுல ஒரு பங்குகூட இல்லாத நாடு, கறவை மாடு மட்டும் சுமாரா 15 லட்சம். பிரேசில், அர்ஜென்டினால இருந்து சோயா கப்பல்ல வருது, அந்த நாட்டு மண்ணு சத்து நெதர்லாந்து மாட்டு வயித்து வழியா வந்து எறங்குது, திரும்பிப் போறதே இல்ல.

நாம ஏக்கருக்கு போடுற 5 டன் தொழுவுரத்தையும் அவங்க போடுறதையும் ஒப்பிட்டு சொல்லுங்க சார்.

ஏக்கர்லயே பாப்போம். 170 கிலோங்கிறது ஏக்கருக்கு கிட்டத்தட்ட 69 கிலோ. அவங்க சாணியும் மூத்திரமும் கலந்த கரைசல்ல டன்னுக்கு சுமாரா 4 கிலோ தழைச்சத்து இருக்கும், அப்ப ஏக்கருக்கு 17 டன் போடலாம். நம்ம தொழுவுரம் அரை சதவீதம்னா 5 டன்ல 25 கிலோ, ஒரு மூட்டை யூரியால இருக்கிறத விட கொஞ்சம்தான் ஜாஸ்தி, அதுலயும் மொத பட்டத்துல பயிருக்கு கெடைக்கிறது ஒரு பங்குதான். அதனால எரு போட்டாச்சே யூரியாவ மொத்தமா நிறுத்திடலாமான்னு கேட்ட தம்பிக்கும் இதுதான் பதில், ஒரே வருஷத்துல நிறுத்துனா மகசூல் அடிவாங்கும். ஆனா நம்ம பக்கம் பெரும்பாலான மண்ணுல அங்கக கரிமம் (மக்குன பொருள்ல இருந்து வர்ற கார்பன்) 0.5 சதவீதத்துக்கும் கீழ, வெயிலுக்கு சீக்கிரம் எரிஞ்சும் போயிடுது. அதுக்காகத்தான் வருஷா வருஷம் எரு போடணும்ங்கிறேன், யூரியா கரிமத்த ஏத்தாது.

அவங்க மக்க வைக்காமயே ஊத்துறாங்க, நாம மட்டும் ஏன் மக்க வைக்கணும்?

அங்க மாட்டுக் கொட்டாய் தரைக்கு அடியிலயே தொட்டி, மாசக்கணக்கா அதுலயே கெடக்கும். குளிர்காலத்துல நிலத்துல விடக்கூடாது. அதுவும் மேல வாரி எறைக்கிறது 90கள்லயே தடை, மண்ணக் கீறி உள்ள விடுற மெஷின்தான், அப்பதான் அம்மோனியா காத்துல பறக்காது. நாம பச்சை சாணிய கொட்டுனா கரையானும் வேர்ப்புழுவும் வந்துடும், மாடு சீமைக்கருவேலங்காய் தின்னிருந்தா அந்த விதையும் முளைக்கும்.

3 மாடு இருக்கு அண்ணா, ஆனா எருக்குப்பை போதவே மாட்டேங்குது.

தங்கச்சி, உங்க மாட்டு மூத்திரம் எங்க போகுது? மாடு வெளிய விடுற தழைச்சத்துல ஏறக்குறைய பாதி, சாம்பல்சத்துல (பொட்டாசியம்) பெரும்பங்கு மூத்திரத்துலதான் இருக்கு, நம்ம கட்டுத்தரையில அது மண்ணுக்குள்ள போயி வீணாகுது. எனக்கு இதுதான் ரொம்ப வயித்தெரிச்சல். மாட்டுக்கு அடியில வைக்கோல் கூளம், கரும்பு சோகை ஏதாச்சும் போடுங்க, காலைல நனைஞ்ச கூளத்தையும் சாணியையும் சேத்து அள்ளி 3 அடி ஆழக் குழியில, மர நிழல்ல போடுங்க, ரொம்புனதும் மேல மண்ணு பூசி மூடிருங்க, 4, 5 மாசம் விடுங்க. காட்டுல கொட்டுன அன்னைக்கே ஓட்டிருங்க, சின்னச்சின்ன குவியலா வெயில்ல ஒரு வாரம் காய விடாதீங்க.

வறட்டி தட்டுறது தப்பா?

அடுப்புக்கு வேற வழி இல்லாத வீட்ட தப்பு சொல்ல மாட்டேன். எரிச்சா தழைச்சத்து பூரா போயிடும். சாண எரிவாயு கலன் போட முடிஞ்சா அடுப்பும் எரியும், வெளிய வர்ற கழிவுல சத்தும் அப்படியே இருக்கும்.

தென்னைக்கு பக்கத்துலயே எருக்குழி இருக்குங்க, பரவாயில்லையா?

தள்ளி வைங்க. தென்னங்குருத்த துளைக்கிற காண்டாமிருக வண்டு முட்டை போடுறதே அந்த மாதிரி குழியிலதான். கிளறும்போது வெள்ளையா கொழுத்த புழு கண்டா பொறுக்கிருங்க, அந்தப் புழுவ கொல்ற மெட்டாரைசியம் பூஞ்சாணம் வாங்கி குழியில கலந்து விடுங்க.