தேயிலை மலைக்கு வரம்பு எப்படி வந்தது?

கேள்வி: ஹட்டனில் கணினி வகுப்பு முடிந்து கடைசி பஸ்ஸில்தான் வீடு திரும்புகிறேன். காலையில் புறப்படும்போதெல்லாம் அப்பாயி, "வரம்பு மீறாதே" என்கிறார். எங்கள் தோட்டத்தில் வரம்பு என்று எதுவுமே இல்லையே? இந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது?
– ஒரு வாசகி, பொகவந்தலாவை

பதில்: தங்கச்சி, உங்கள் தோட்டத்தில் இருக்காதுதான். வரம்பு வயலுக்குரியது. இரண்டு வயல்களுக்கு நடுவே சேற்றை அள்ளி உயர்த்திக் கட்டும் கரை அது. தமிழ்நாட்டில் வரப்பு என்பார்கள். இரும்பு, இருப்புப்பாதையில் 'இருப்பு' ஆகிறதல்லவா, அதே மாதிரிதான் இதுவும்.

வெலிமடைப் பக்கம் போனால் படிப்படியாக இறங்கும் வயல்களில் பார்க்கலாம். விதைப்புக்கு முன் பழைய வரம்பின் புல்லைச் சீவி, ஈரச் சேற்றை அப்பி, மண்வெட்டியின் முதுகால் மழமழவென்று தடவிவிடுவார்கள். ஒரு நண்டுப் பொந்து விடுபட்டாலும் போச்சு. விடிவதற்குள் மேல்வயல் தண்ணீர் கீழே இறங்கிவிடும். ஔவையார் வாக்காகச் சொல்லப்படும் 'வரப்புயர நீர் உயரும்' என்ற வாழ்த்து நெல், குடி, கோல் என்று ஏறி அரசனில் போய் முடியும். நாட்டின் ஒழுங்கே இந்தச் சேற்றுக் கரையில் தொடங்குகிறது என்பது அதன் கணக்கு. வயது வரம்பு, வேக வரம்பு எல்லாம் இதே சொல்தான்.

தேயிலை மலையில் ஒழுங்குக்கு நிரை என்ற சொல் இருக்கிறது. கொழுந்து எடுக்க ஒவ்வொருவருக்கும் விடப்படும் செடி வரிசை அது. ஒருவர் நிரையில் இன்னொருவர் கொழுந்து எடுத்தால் சண்டை வரும். இருந்தும் அப்பாயி "நிரை மாறாதே" என்று சொல்லவில்லை, பாருங்கள். 1820களில் இலங்கையில் கோப்பித் தோட்டங்கள் தொடங்கிய பிறகு திருச்சி, புதுக்கோட்டை, மதுரைப் பக்கமிருந்து நம்மவர்கள் வந்தார்கள். அடுத்தவர் வயலில் கூலிக்கு நின்றவர்கள் அவர்களில் நிறையப் பேர். கொண்டுவர நிலம் இல்லை. சொல் கூடவே வந்தது. எனக்கு இது மிகப் பெரிய விஷயமாகப் படுகிறது.

சரி, உங்கள் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். அப்பாயி உங்களைப் பூட்டிவைக்கப் பார்க்கிறார் என்று எண்ண வேண்டாம். வரம்பு கட்டுகிறவர்கள் அதிலேயே தண்ணீர் வெளியேற ஒரு வழியாக மடையும் வைப்பார்கள். அடைமழையில் மடையைத் திறக்காவிட்டால் வரம்பே உடைந்துவிடும். வகுப்பு விடும் நேரம், பஸ் வரும் நேரம் இரண்டையும் அவரிடம் சொல்லி வையுங்கள். பிந்தினால் ஒரு போன் எடுங்கள். அப்புறம், ஆறுதலாக உட்கார்ந்திருக்கும் ஒரு நாளில், அவருடைய பாட்டன் பூட்டன் எந்த ஊர் வயலில் வேலை செய்தார்கள் என்று கேளுங்கள். அவர் சொல்லும் ஊர்ப்பெயரைக் கொப்பியில் எழுதி வையுங்கள்.