கோஆக்ஸைச் சுருட்டினால் போதுமா?

கேள்வி: என் ஹாம் ரேடியோவுக்கு 7 மெகாஹெர்ட்ஸ், 3.5 மெகாஹெர்ட்ஸ் இரண்டுக்கும் டைபோல் (இரண்டு கை நீட்டிய கம்பி ஆன்டெனா) கட்டி, ஒரே கோஆக்ஸில் (நடுக்கம்பியும் அதைச் சுற்றிய உலோக ஷீல்டும் கொண்ட கேபிள்) இணைத்திருக்கிறேன். ஆன்டெனாவின் நடுவில் அந்த ஆர்ஜி-58 ரகக் கேபிளை 11 சென்டிமீட்டர் பிவிசி குழாயில் 10 சுற்று சுற்றி சோக் ஆக்கினேன். 7இல் தொல்லையில்லை. 3.5இல் பேசினால் மைக் உதட்டில் சுரீர் என்கிறது. இதே அளவில் சுற்றிய நண்பருக்கு இரண்டிலும் நன்றாக இருக்கிறதே, ஏன்?

பதில்: உங்கள் கை வேலையில் குறையில்லை. காற்றுச் சுருளின் சுபாவம் அது.

கோஆக்ஸுக்கு வெளியே தெரிவது ஒரே ஷீல்டு என்றாலும், ரேடியோ அதிர்வெண்ணில் அதன் உள்பரப்பும் வெளிப்பரப்பும் இரண்டு தனிக் கம்பிகள் மாதிரி. உள்பரப்பில் மேலே போன மின்னோட்டத்துக்கு ஆன்டெனாவின் நடுவில் இரண்டு வழி கிடைக்கிறது: டைபோலின் ஒரு கை, இல்லையென்றால் ஷீல்டின் வெளிப்பரப்பு வழியாகத் திரும்பக் கீழே. கீழே வருவதுதான் ரிக்கை (ரேடியோ கருவியை) தாண்டி மைக் வரை வந்து உங்கள் உதட்டைச் சுடுகிறது. அதை மறிப்பதுதான் சோக்கின் வேலை. 1:1 கரண்ட் பேலன் என்று சொல்வதும் இதைத்தான்.

உங்கள் சுருளின் இண்டக்டன்ஸ் சுமார் 12 மைக்ரோஹென்றி வரும். அது 7 மெகாஹெர்ட்ஸில் 500 ஓமுக்குச் சற்று மேல் தடுக்கும், 3.5இல் அதில் பாதிதான். இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. அந்த ஓம் ஏறக்குறைய முழுக்க ரியாக்டன்ஸ் (சக்தியைச் சேமித்துத் திருப்பித் தரும் தடுப்பு), ரெசிஸ்டன்ஸ் (சக்தியைச் சூடாக்கிக் கரைக்கும் தடுப்பு) அதில் மிகக் கொஞ்சம். கேபிளின் வெளிப்பரப்பு, அதன் நீளத்தைப் பொறுத்து, சில அதிர்வெண்ணில் கெபாசிட்டர் போல நடந்துகொள்ளும். அப்போது இரண்டும் ஒன்றையொன்று கழித்துவிடும். சுருள் இல்லாதபோது ஓடியதைவிட அதிக மின்னோட்டம் ஓடினாலும் ஓடும்! நண்பரின் கேபிள் நீளம் வேறு, அதனால் அவர் தப்பித்தார். சோதிக்க வேண்டுமா? கேபிளில் இரண்டு மீட்டர் கூடுதலாக இணைத்துப் பாருங்கள். தொல்லை கூடினாலோ குறைந்தாலோ, எஸ்.டபிள்யூ.ஆர். (ஆன்டெனா கேபிளோடு எவ்வளவு பொருந்துகிறது என்று மீட்டர் காட்டும் எண், குறைவாக இருப்பதே நல்லது) நகர்ந்தாலோ, வெளிப்பரப்பில் மின்னோட்டம் இருக்கிறது என்று அர்த்தம்.

ஒரே பேண்டுக்கு (அதிர்வெண் தொகுதிக்கு) அளந்து சுற்றினால் காற்றுச் சுருளும் உழைக்கும், செலவும் கிடையாது. ஆனால் இரண்டு மூன்று பேண்டில் பேசுகிறவர்களுக்கு நான் ஃபெரைட்டைத்தான் (இரும்பு ஆக்சைடு கலந்த காந்தப் பீங்கான்) சொல்வேன். எஃப்டி 240 அளவு வளையம், 31 ரகம். அதில் ஆர்ஜி-58ஐ 12 சுற்று போடுங்கள். 3.5, 7 போன்ற கீழ் எச்எஃப் பேண்டுகளில் சில ஆயிரம் ஓம் கிடைக்கும், பெரும்பகுதி ரெசிஸ்டன்ஸாகவே கிடைக்கும். ரெசிஸ்டன்ஸை எந்தக் கேபிள் நீளமும் கழித்துவிட முடியாது. நான் ஃபெரைட்டை நம்புவது இதற்காகத்தான். அது தடுக்கும்போது சூடாகவும் செய்யும். மேலே ஏற்றும் முன் தாழ்வாகக் கட்டி, சில நிமிடம் டிரான்ஸ்மிட் செய்து, நிறுத்தியபின் வளையத்தைத் தொட்டுப் பார்ப்பது என் வழக்கம். கை வைக்க முடியாத சூடு என்றால் இன்னொரு வளையம் சேர்க்க வேண்டும். ஃபோம் இன்சுலேஷன் கேபிளை மட்டும் இறுக்கி வளைக்காதீர்கள், நாளடைவில் நடுக்கம்பி ஃபோமைக் கிழித்து ஷீல்டை நோக்கி நகர்ந்துவிடும்.

கேள்வி: சோக் போட்டபின் எஸ்.டபிள்யூ.ஆர். ஏறிவிட்டது. கழற்றிவிடலாமா?

பதில்: வேண்டாம், தயவுசெய்து கழற்றாதீர்கள். இத்தனை நாள் உங்கள் கேபிளும் ஆன்டெனாவின் ஒரு பகுதியாக இருந்தது. இப்போது மீட்டர் காட்டுவதுதான் டைபோலின் சொந்தக் கணக்கு. கைகளின் நீளத்தைச் சரிசெய்யுங்கள், இறங்கிவிடும். ரிசீவரைக் கேட்டுப் பாருங்கள், அதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். வீட்டு எல்இடி விளக்கு, சார்ஜர் இவற்றின் இரைச்சல் ஷீல்டின் வெளிப்பரப்பு வழியே மேலே ஏறி ஆன்டெனாவுக்குள் நுழைகிறது. சோக் அந்த வழியையும் அடைப்பதால், முன்பு மூழ்கிக் கிடந்த மெல்லிய சிக்னல்கள் மேலே வரும். இரைச்சல் இன்னும் இருந்தால், கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் இன்னொரு சோக் போடுங்கள்.

கேள்வி: பழைய கம்ப்யூட்டர் பவர் சப்ளையில் கிடைத்த மஞ்சள்-வெள்ளை வளையம் உதவுமா?

பதில்: உதவாது. அது இரும்புத்தூள் வளையம். சோக்குக்குத் தேவையான அளவு தடுப்பு அதில் வராது. ரகம் தெரிந்த ஃபெரைட்டாகப் பார்த்து வாங்குங்கள்.