முதலில் பெயர் மாற்றம், அப்புறம் டேப்

கேள்வி: சென்னை கொருக்குப்பேட்டையில் அப்பா வாங்கிய வீடு. அம்மா முன்பே இல்லை. போன வருடம் அப்பாவும் தவறிவிட்டார். அக்கா, நான், தம்பி வாரிசுகள். மாநகராட்சி இணையதளத்தில் சொத்து வரிப் பதிவில் அப்பா பெயரில் ஒரு எழுத்து விட்டுப்போயிருக்கிறது. முன்பக்க மளிகைக் கடையை எப்போதோ மூடிவிட்டோம், இன்னும் வணிகம் என்றே காட்டுகிறது. சதுர அடியும் கூடுதல். எல்லாவற்றையும் ஒரே மனுவில் எழுதலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. பெயர் மாற்றம் காகிதத்தைப் பார்த்தே முடிகிற வேலை. கடைக்கும் சதுர அடிக்கும் ஆள் வந்து வீட்டைப் பார்த்தாக வேண்டும். சேர்த்து எழுதினால் அளக்கிற டேப்போடு ஆள் வருகிற வரை பெயரும் கிடப்பில் கிடக்கும். வருவாய்ப் பிரிவில் உட்கார்ந்து இந்த மாதிரி மனுக்களைப் புரட்டியவன் சொல்கிறேன்.

அப்பா பெயரில் விட்டுப்போன எழுத்தைத் தேடிப்போய்த் திருத்தாதீர்கள். திருத்திவிட்டு, அப்புறம் அதையே எடுத்துவிட்டு உங்கள் பெயரைப் போடுவது இரட்டை வேலை. நேராகப் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பியுங்கள். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், கிரயப் பத்திர நகல், கடைசி வரி ரசீது போதும். பத்திரத்தில் பெயர் சரியாக இருந்து, கதவு எண்ணும் ஒத்துப்போனால் ஆள் ஒருவர்தான் என்பது விளங்கிவிடும். வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கும்போது மூவர் பெயரையும் ஆதாரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே பிசகினால் அந்தப் பிசகு வரி ரசீது வரை வரும்.

தம்பி பெயரில் மட்டும் வரட்டும் என்று நினைத்தால் நீங்களும் அக்காவும் உங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் பதிவு செய்து கொடுக்க வேண்டும். வெள்ளைத்தாளில் 'ஆட்சேபணை இல்லை' என்று எழுதிக்கொடுக்கும் பழக்கம் எனக்குப் பிடிக்காது, பிற்பாடு சண்டைக்குத்தான் உதவும். வரி ரசீதில் பெயர் வந்ததால் மட்டும் வீடு யாருக்கும் சொந்தமாகிவிடாது.

பணம் போவது கடையில்தான். 2022 ஏப்ரல் உயர்வில் பழைய சென்னை எல்லைக்குள் 600 சதுர அடி வரையுள்ள வீட்டுக்கு 50 சதவீதம் ஏறியது, வணிகத்துக்கு 150. மூடின கடைக்கு அந்தக் கணக்கில் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். பெயர் மாறிய கையோடு தனி மனு கொடுங்கள். கடைக்குத் தனி மீட்டர் இருந்தால் முதலில் அதை வீட்டு இணைப்பாக மாற்றுங்கள். ஷட்டர் மேல் பழைய போர்டு தொங்கினால் கழற்றிவிடுங்கள்.

சதுர அடி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. டேப் கீழ்த்தளத்தோடு நிற்காது. மாடியில் ஷீட் போட்ட அறை ஏதாவது இருந்தால் அதுவும் கணக்கில் சேரும். முதலில் நீங்களே ஒருமுறை அளந்து பாருங்கள். அதற்குப் பிறகும் பதிவில் உள்ளது கூடுதலாக இருந்தால் மட்டும் கேளுங்கள்.

மனு நிலுவையில் இருக்கிறதென்று வரியை நிறுத்தாதீர்கள். அரையாண்டின் முதல் 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம் தள்ளுபடி, ₹5,000 வரை. குடிநீர், கழிவுநீர் பார்க்கும் மெட்ரோ வாட்டர் வேறு அலுவலகம். இங்கே திருத்தியது அங்கேயும் ஏறியதா என்று தனியாகப் பாருங்கள்.

கேள்வி: திருவொற்றியூர் நகராட்சிக் காலத்து வரி எண்ணைப் போட்டால் இணையதளம் எடுக்க மாட்டேன் என்கிறதே?

பதில்: எடுக்காது தம்பி. 2011இல் திருவொற்றியூர் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்து முதல் மண்டலம் ஆகிவிட்டது. இப்போது மண்டலம், டிவிஷன், பில் எண், துணை எண் என்று நான்கும் வேண்டும். பழைய ரசீதோடு மண்டல அலுவலகத்துக்குப் போனால் புது எண்ணைப் பார்த்துச் சொல்வார்கள்.